பக்கத்து சீட்டுப் பிரேக்

அவளுக்கு பிரேக் அக்கா என்று பெயர் வைத்தது யாரோ தெரியாது. வைத்தவர் அவளிடம் ஒரு நாள்கூட வண்டி பழகியிருக்க மாட்டார். பழகியவர்களுக்குத் தெரியும், அந்த ஊரிலேயே பிரேக்கை மிதிக்காத டிரைவிங் டீச்சர் அவள் ஒருத்திதான்.

டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் இருக்கும். பழகுகிறவர் சொதப்பினால் சொல்லிக்கொடுப்பவர் மிதித்து வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு பிரேக்கும் ஒன்றோடொன்று பிணைத்தவை. இங்கே மிதித்தால் அங்கேயும் இறங்கும். மற்ற ஸ்கூல்காரர்கள் அதைத் தையல் மெஷின் மாதிரி மிதித்துத் தள்ளுவார்கள். ஆள் லைசென்ஸ் வாங்கி, சொந்த வண்டியில் உட்கார்ந்து, முதல் திருப்பத்திலேயே சுவரில் கொண்டுபோய் முட்டுவான். ஏன் முட்ட மாட்டான்? அதுவரை வண்டியை நிறுத்தியது அவன் காலா? பிரேக் அக்காவிடம் அந்தக் கதையெல்லாம் கிடையாது. பழகுகிறவருக்கு வியர்த்துக் கொட்டும், எதிரே லாரி வரும். அவள் காலை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பாள். மிதித்தே தீரவேண்டிய இடம் வரும்வரை மிதிக்க மாட்டாள். அந்த இடம் எது என்று அவளுக்குத் தெரியும். கிளட்சு, கியரெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுக்கலாம், அவள் தொழில் இதுதான்.

"சும்மா உக்காந்திருக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்," என்பாள். சொல்லும்போது கொஞ்சம் கர்வம் எட்டிப்பார்க்கும். பார்க்காதா பின்னே?

தலைவலி என்றுதான் ஆரம்பித்தது. மாத்திரை போட்டாள், கண்ணாடியை மாற்றினாள், கடைசியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். நெற்றிக்குப் பின்னால், மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில், எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்லை. ஆனால் மூளையின் முன்பகுதியை அழுத்திக்கொண்டு ரொம்ப நாளாகக் குடியிருந்திருக்கிறது. திறந்து எடுத்தார்கள். மழித்த தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பேச்சு அப்படியே இருந்தது, கணக்கு அப்படியே இருந்தது, ஊரின் ஒருவழிப் பாதைகள் அத்தனையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அப்பாடா, பிழைத்துக்கொண்டாள் என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

கைதான் சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்குப் பேசப் போனவள், மூலையில் சாத்தியிருந்த துடைப்பத்தை எடுத்து அவர்கள் கூடத்தைக் கூட்ட ஆரம்பித்துவிட்டாள். ஆஸ்பத்திரி வரவேற்பில் போன் அடித்தது. அங்கே வேலை பார்க்கும் பெண் கை நீட்டுவதற்குள் இவள் எடுத்து, "வணக்கம், டிரைவிங் ஸ்கூல்," என்றாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். இவளும் சிரித்தாள். கூட வந்திருந்த கணவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மெக்கானிக். வண்டி புதிதாக ஒரு சத்தம் போட்டால் சிரித்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. காலையில் பல் விளக்கி முடித்து வெளியே வந்தவள், அவர் வைத்துவிட்டுப் போன பிரஷ்ஷைப் பார்த்ததும் எடுத்து மறுபடி விளக்கினாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியவில்லை. செய்து முடித்த மறு வினாடி, ஐயையோ என்று தோன்றும். முந்தின வினாடி தோன்றாது, அதுதான் கோளாறு.

டாக்டரம்மா ஒரு சோதனை வைத்தார். "நான் மேசைய ஒரு தடவ தட்டினா நீங்களும் ஒரு தடவ தட்டுங்க. நான் ரெண்டு தடவ தட்டினா நீங்க தட்டவே கூடாது. புரியுதா?" இதில் புரிய என்ன இருக்கிறது? அக்கா அதைத் திரும்பச் சொல்லியும் காட்டினாள், தன் மாணவர்களுக்குச் சொல்கிற தோரணையில். டாக்டரம்மா இரண்டு தடவை தட்டினார். அக்காவின் கையும் இரண்டு தடவை தட்டியது. "தப்பு," என்று அவளே சொன்னாள். மறுபடி தட்டினார். கை மறுபடி தட்டியது. விதியை வாய் சரியாகச் சொல்லிக்கொண்டே இருந்தது, கை தப்பாகத் தட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"பழகின வேலைய கையும் காலும் தானாவே செஞ்சிரும்," என்றார் டாக்டரம்மா. "ஒரு பொருளப் பாத்தா போதும், கிளம்பிடும். எனக்கும் அப்படித்தான், எல்லாருக்கும் அப்படித்தான். நெத்திக்குப் பின்னால இருக்கிற பகுதிதான் 'இரு, இப்ப வேணாம்'னு பிடிச்சு நிறுத்துது. உங்களுக்கு அந்த 'வேணாம்' கொஞ்சம் லேட்டா வருது."

நாள் ஆக ஆகச் சரியாகலாம், சிலருக்கு முழுக்கவே சரியாகிவிடும், அதுவரை வண்டி ஓட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கணவரிடம் சொன்னாள்: "ஓட்டக் கூடாதுன்னுதாங்க சொன்னாங்க. பக்கத்துல உக்காரக் கூடாதுன்னு சொல்லலியே."

மெக்கானிக் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மறுத்திருக்கலாம். ஆனால் வீட்டில் அவள் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். கதவைக் கண்டால் திறப்பதும், சுவிட்சைக் கண்டால் போடுவதும், பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுவதுமாக நாள் போனது. அவளுக்குப் பிடித்த இடத்தில் போய் உட்கார்ந்தால் ஒருவேளை தெளியுமோ என்று அவருக்கு ஒரு நப்பாசை. சரி, தெருவுக்குள்ளேயே ஓட்டச் சொல்லு என்று விட்டுவிட்டார்.

அந்த நேரம் பார்த்து வந்து நின்றாள் இஸ்திரிக்காரி. ஒரு லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். நாற்பதைத் தாண்டியவள், இரண்டு பிள்ளைகளைத் தனி ஆளாக வளர்ப்பவள். நாள் முழுக்க ஆவியில் நின்று கால் வீங்கிப்போயிருந்தது, முழங்கைவரை சூட்டுத் தழும்பு. லாண்டரி வேனை ஓட்டுகிறவர் மாதக் கடைசியோடு நிற்கப்போகிறார். அதற்குள் லைசென்ஸ் வாங்கினால் வேன் உனக்கு என்று முதலாளி வாய்விட்டுச் சொல்லியிருந்தார். ஆபரேஷனுக்கு முன்பே அக்காவிடம் பாதி பழகியிருந்தாள். பாக்கியையும் அக்காதான் முடித்துக்கொடுக்க வேண்டும், வேறு யாரிடமும் போக மாட்டேன் என்றாள்.

அக்காவுக்கு அதைக் கேட்க எவ்வளவு இதமாக இருந்தது என்று சொல்லி மாளாது. இத்தனை நாளாக வந்தவர்களெல்லாம் உடம்பை விசாரித்துவிட்டுப் பழம் கொடுத்துவிட்டுப் போனவர்கள். தொழிலைத் தேடி வந்தவள் இவள் ஒருத்திதான்.

தெருவுக்குள் என்று சொன்னதெல்லாம் அன்றோடு சரி. மறுநாளே கடைவீதிக்குள் இறங்கினார்கள். இஸ்திரிக்காரி பதமாக ஓட்டினாள். பாத்திரக் கடை வாசலில் ஒரு சிவப்பு வாளி தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி சடக்கென்று நின்று எஞ்சின் அணைந்தது. பின்னால் ஹாரன் அலறியது.

"ஏன் பிரேக்க மிதிச்ச?" என்றாள் அக்கா.

அந்தக் கேள்வி வாயில் ஊறிப்போனது. வண்டி தேவையில்லாமல் நின்றால் தானாக வருவது. கேட்டு முடித்த பிறகுதான் தன் பாதத்துக்கு அடியில் எதுவோ அழுந்தியிருப்பது அவளுக்கு உறைத்தது. மெல்ல எடுத்துக்கொண்டாள். இஸ்திரிக்காரி மன்னிப்புக் கேட்டாள். மன்னிப்பா? இவளல்லவா கேட்டிருக்க வேண்டும்!

முதல் தடவை நோய் செய்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து ஒரு காகம் தாழப் பறந்தது, வண்டி நின்றது. அப்போதும் அவள் அதையே கேட்டாள். தெரிந்தே கேட்டாள். அதற்கெல்லாம் பாவம் மூளையைக் குறை சொல்லக் கூடாது. காலை எடுத்துக்கொள்ளவும், யோசிக்கவும், உண்மையைச் சொல்லவும் வேண்டிய அவகாசம் இருந்தது. அவள் சொல்லவில்லை. சொன்னால் ஊர் முழுக்கப் பரவும், அந்த சீட்டும் போய்விடும், வீட்டில் துடைப்பத்தோடும் சுவிட்சுகளோடும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்று பயந்தாள். பயத்தில் பழியைத் தூக்கி அந்தப் பெண்ணின் தலையில் போட்டாள்.

அதை இஸ்திரிக்காரி எப்படி நம்பினாள் என்று கேட்கலாம். அக்கா எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே, ஓட்டும்போது குனிந்து காலைப் பார்க்கக் கூடாது என்பது. கண் ரோட்டில் இருக்க வேண்டும், மிதியைப் பாதம் உணர வேண்டும். இஸ்திரிக்காரி சொன்னதைத் தட்டாதவள், ஒரு தடவைகூடக் குனியவில்லை. பாதம் என்னவோ, நான் மிதிக்கவில்லை என்றுதான் அவளிடம் சொன்னது. ஆனால் இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்தவள் மிதித்தாய் என்கிறாளே. தன் பாதத்தை நம்புவதா, அக்காவை நம்புவதா?

அக்காவை நம்பினாள். நாளுக்கு நாள் ஓட்டம் கெட்டது. ஆக்சிலேட்டரை மிதிக்கவே பயந்து வண்டியை உருட்டினாள், திருப்பத்தில் உதட்டைக் கடித்து ரத்தம் வர வைத்தாள். ஒரு நாள் ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து, "என் காலு என் பேச்சக் கேக்க மாட்டேங்குதுக்கா," என்று அழுதாள்.

அக்காவுக்குச் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. "போகப் போகச் சரியாயிடும்," என்றாள்.

இப்படியே போய் ஒரு நாள் ரயில்வே கேட்டில் வந்து நின்றது கதை. காலை நேரம், கேட் திறந்திருந்தது, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் தண்ணீர் லாரி ஒன்று இவர்களுக்கு வழிவிட்டுக் காத்திருந்தது. இஸ்திரிக்காரி நிதானமாக ஏற்றினாள். முன் சக்கரம் முதல் தண்டவாளத்தைத் தாண்டியபோது மணி அடிக்க ஆரம்பித்தது; எதிரில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஏறியாகிவிட்டால் மணி அடித்தாலும் சரி, இடி இடித்தாலும் சரி, போய்க்கொண்டே இருக்க வேண்டும். சின்னக் குழந்தைக்கும் தெரியும். அக்காவுக்குத் தெரியாதா?

வண்டி நடுத் தண்டவாளத்தில் நின்றது. எஞ்சினும் அணைந்தது.

இஸ்திரிக்காரி சாவியைத் திருப்பினாள், எஞ்சின் பிடித்தது, வண்டி ஒரு முறை திமிறிவிட்டு மறுபடி அணைந்தது. எதிரில் லாரிக்காரர் கையை ஆட்டி என்னவோ கத்தினார். அக்கா "காலை எடு!" என்று கத்தினாள். "பிரேக்குல இருந்து காலை எடு!"

இஸ்திரிக்காரி எடுத்தாள். மிதிகளிலிருந்து மட்டும் இல்லை, இரண்டு காலையும் அப்படியே தூக்கி சீட்டின்மேல் மடக்கி வைத்துக்கொண்டாள். "எடுத்துட்டேன்க்கா," என்றாள். சொல்லிவிட்டு, பழக வந்ததிலிருந்து செய்யாததைச் செய்தாள். குனிந்து கீழே பார்த்தாள்.

அவள் பக்கத்து பிரேக், யாருடைய காலும் மேலே இல்லாமல், தரையோடு தரையாக அழுந்திக் கிடந்தது.

அக்காவும் பார்த்தாள். எடு, எடு என்று தன் காலுக்கே சொன்னாள். சொல்வது கேட்டது, கால் அசையவில்லை. சிவப்பு எரிந்துகொண்டே இருந்தது, கால் மிதித்துக்கொண்டே இருந்தது. இஸ்திரிக்காரி குறுக்கே சாய்ந்து, அக்காவின் கணுக்காலை இரண்டு கையாலும் பற்றிப் பிடுங்கி எடுத்து, முழங்காலை அவள் நெஞ்சோடு சேர்த்து வைத்து, "கெட்டியாப் பிடிச்சுக்கங்க," என்றாள். அக்கா தன் காலைத் தானே கட்டிப்பிடித்துக்கொண்டாள். வண்டி கிளம்பி அந்தப் பக்கம் இறங்கியது. பின்னால் கேட் விழுந்தது. கேட்கீப்பர் அறையிலிருந்து ஓடி வந்து, சாக வேற இடம் கிடைக்கலையா என்று இரண்டு பேரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். அவர் திட்டி முடிப்பதற்குள் சரக்கு ரயில் ஒன்று கடகடவென்று போனது.

லாரியைத் தாண்டி ஓரங்கட்டினாள் இஸ்திரிக்காரி. எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அப்போ இத்தன நாளா?"

அக்காவின் வாயில் ஒரு பதில் தயாராக இருந்தது. ஆபத்து நேரத்தில் பதறக் கூடாது, அதற்காகத்தான் நானே மிதித்துச் சோதித்தேன் என்பது மாதிரி ஏதோ, டீச்சர்கள் சமாளிக்கிற பதில். அது நாக்கு நுனிக்கு வந்தும்விட்டது. அவள் உதட்டை இறுக்கி, முழங்காலை இன்னும் விடாமல் பிடித்தபடி, அதை உள்ளே தள்ளினாள். கொஞ்ச நேரம் பிடித்தது.

"உன் கால் ஒரு தடவகூடத் தப்பு பண்ணல. எல்லாம் நான்தான். எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"தெரியும்."

இஸ்திரிக்காரி கத்தவில்லை. கத்தியிருந்தால் அக்காவுக்கு லேசாக இருந்திருக்கும். "நேத்து முதலாளிகிட்டச் சொல்லிட்டேன்," என்றாள். "எனக்கு வராது, வேற ஆளப் பாத்துக்கங்கன்னு. இன்னிக்கு உங்ககிட்டச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். கடைசியா ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டுப் போயிடலாம்னு." அப்புறம், "என் காலவிட உங்களத்தானக்கா நம்பினேன்," என்றாள்.

அக்கா கதவைத் திறந்து இறங்கினாள். பின் கதவைத் திறந்து பின் சீட்டில் உட்கார்ந்தாள். "லாண்டரிக்கு ஓட்டு," என்றாள். இஸ்திரிக்காரி கண்ணாடியில் அவளை ஒரு முறை பார்த்துவிட்டு ஓட்டினாள். கடைவீதி, பள்ளிக்கூட வாசல், குறுகலான சந்து எல்லாம் வந்தன. வண்டி எங்கேயும் குலுங்கவில்லை, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது, போக வேண்டிய இடத்தில் போனது. இவ்வளவு நன்றாக ஓட்டுகிறவளையா அழவிட்டோம் என்று நினைத்து அக்கா வழியெல்லாம் வெட்கித் தலைகுனிந்து வந்தாள்.

லாண்டரியில் ஆவி மண்டிக்கிடந்தது. வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெண், மேலிருந்து தொங்கும் ஒயரில் இஸ்திரிப் பெட்டி. இஸ்திரிக்காரியின் மேசை மட்டும் ஆளில்லாமல், பாதி தேய்த்த சட்டையோடு இருந்தது. போனவள் சீக்கிரம் வந்துவிடுவாள் என்று பெட்டியைச் சூட்டிலேயே வைத்திருந்தார்கள். முதலாளி மூட்டைகளுக்கு நடுவில் நின்றிருந்தார். எல்லோரும் கேட்கட்டும் என்றே அக்கா உரக்கச் சொன்னாள். தலையில் ஆபரேஷன் ஆனதைச் சொன்னாள், தன் கால் தன் பேச்சைக் கேட்காததைச் சொன்னாள், அதை மறைத்து இந்தப் பெண்மேல் பழி போட்டதையும் சொன்னாள். வேனை இவளிடம் கொடுங்கள், இவளைவிட நிதானமான ஆள் கிடைக்க மாட்டாள் என்றாள்.

முதலாளி அசைந்துகொடுக்கவில்லை. "பாவம்னு சிபாரிசுக்கு வந்திருக்கீங்க," என்றார். "நேத்து இவளே வராதுன்னு சொல்றா, இன்னிக்கு நீங்க வந்து எல்லாம் நான்தான்ங்கறீங்க. பிரேக் எதுன்னு தெரியாமலா இத்தன வருஷம் சொல்லிக்குடுத்தீங்க? நம்புற மாதிரி சொல்லுங்கம்மா."

அக்கா நம்பும்படி சொல்ல என்னென்னவோ வார்த்தைகளைத் தேடினாள். வாளியைச் சொன்னாள், காகத்தைச் சொன்னாள், ரயில்வே கேட்டைச் சொன்னாள். சொல்லச் சொல்ல முதலாளியின் பார்வை அவள் முகத்தைவிட்டுக் கீழே இறங்கியது. பக்கத்து மேசைப் பெண்ணும் தன் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் பார்த்தார்கள்.

"அம்மா," என்றார் முதலாளி. குரல் தணிந்திருந்தது. "என்ன பண்றீங்க?"

அக்கா குனிந்து பார்த்தாள். அவள் கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. பாதியில் கிடந்த சட்டையின் முதுகுப் பக்கத்தை முழுக்கத் தேய்த்து முடித்திருந்தாள்.

"இதுதாங்க," என்றாள். "காலும் இப்படித்தான்."

முதலாளி இஸ்திரிக்காரியின் பக்கம் திரும்பி, நீ போய் டெஸ்டை எழுதி ஓட்டிக் காட்டிவிட்டு வா, அதுவரை யாரிடமும் வேன் சாவியைக் கொடுக்க மாட்டேன் என்றார். இஸ்திரிக்காரி தலையை ஆட்டினாள். அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் அக்காவின் பக்கம் வந்து நிற்கவில்லை. அங்கேயே நின்று அழுதாள்.

முதலாளி மறுபடி அக்காவைப் பார்த்தார். இரக்கப்பட்டுத்தான் கேட்டார், குத்திக்காட்டக் கேட்கவில்லை. "அப்போ நீங்க இனிமே என்னம்மா பண்ணுவீங்க?"

அக்கா வாயைத் திறந்தாள். கை மட்டும் சட்டையைத் திருப்பிப் போட்டு, காலரை நீவி, தேய்த்துக்கொண்டிருந்தது.